காலுக்குள் போன பலூன்

சுனாமி வந்து உப்புப் பாத்திகளை எல்லாம் சேறாக்கிவிட்டுப் போன பிறகு, சில மாதங்கள் எங்கள் ஊரில் வேலை இல்லை. ஆனால் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம், கோயில் மண்டபத்தில் ஒரு முகாம், நிவாரண அரிசி கொடுத்த இடத்திலும் ஒரு முகாம். சும்மா கிடக்கிற நேரத்தில் போய் ஒரு சத்து மாத்திரையாவது வாங்கி வரலாம் என்று என் வீட்டுக்காரரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மரக்காணம் உப்பளத்தில் சின்ன வயதிலிருந்து உப்பு வாரிய கால் அவருடையது. வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. உப்புத்தண்ணீர் அரித்தது, வேறென்ன என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம்.

பாண்டியிலிருந்து வந்திருந்த டாக்டர் புண்ணைப் பார்க்கவே இல்லை. பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். விரலைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் அழுத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சார் தேடுறீங்க என்று கேட்டேன். நாடி என்றார். காலில் போய் யாராவது நாடி பார்ப்பார்களா என்று நான் இன்னும் சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் என் காலை நீட்டச் சொல்லி, என் விரலையே பிடித்து என் பாதத்தின் மேல் வைத்தார். துடித்தது. பிறகு அதே விரலை என் வீட்டுக்காரர் பாதத்தில் வைத்தார். அங்கே ஒன்றுமே இல்லை. தோலும் எலும்பும் இருந்தன, அவ்வளவுதான். கொளுத்துகிற பங்குனி வெயிலில் அந்தக் கால் ஜில்லென்று இருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்குப் பிடித்த பயம். ஒரு வருஷமாகியும் அது என்னை விட்டுப் போகவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான். பீடியும் சர்க்கரையும் சேர்ந்து தொடைக்குக் கீழே ரத்தக் குழாயை அடைத்துவிட்டன. கீழே ரத்தம் போகவில்லை. இப்படியே விட்டால் விரல் சாகும், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால்வரை எடுக்க வேண்டி வரும். எங்கள் தெருக்கோடியில் அப்படி எடுத்த ஒருவர் இருந்தார். முதலில் விரலுக்குத்தான் கத்தி வைத்தார்கள். பிறகு கணுக்கால், பிறகு முட்டிக்குக் கீழே. ஒவ்வொரு தடவை வீடு திரும்பும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் குட்டையாக வந்தார். அவர்தான் என் கண்ணுக்குள் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் மட்டும் எதுவும் நடக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, பாண்டிக்கு எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று விசாரித்தார்.

பாண்டி ஆஸ்பத்திரியில் ஒரு புது டியூபைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தொடை இடுக்கில் ஊசி போட்டு, நூல் மாதிரி ஒரு கம்பியை ரத்தக் குழாய்க்குள் விட்டு, அதன் மேலேயே டியூபை ஏற்றுவார்களாம். டியூபின் நுனியில் சுருங்கிய ஒரு பலூன். அடைப்புக்குள் போனதும் அதை ஊதுவார்கள், குழாய் விரியும், பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். ரொம்ப நாளாகப் போடுகிற பழைய பலூன் ஒன்று உண்டு. இந்தப் புதிய பலூனில் மருந்து பூசியிருக்கிறது, மறுபடி அடைக்காமல் இருக்குமா என்று பார்க்கிறோம் என்றார் டாக்டர். யாருக்குப் பழசு, யாருக்குப் புதுசு என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். சம்மதம் இருந்தால் மட்டும் சேருங்கள், இல்லாவிட்டாலும் வைத்தியம் உண்டு என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்ததோ சோதனை என்கிற ஒரு வார்த்தைதான். வெளியே வந்து நான் ஒரு பாட்டம் சண்டை பிடித்தேன். சோதிக்கிறதுக்கு என் புருஷன் கால்தான் கிடைத்ததா, உள்ளே போன பலூன் வெடித்தால் யார் பதில் சொல்வது என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்கிய நேரத்தில், கட்டைக்கால் வைத்துக்கொண்டு வரப்பில் எப்படி நடப்பது என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டோம்.

சேர்வதற்கு முன்னால் நடக்கவைத்துப் பார்த்தார்கள். நீளமான வராந்தாவில் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நடக்க வேண்டும், கெண்டைக்காலில் வலி வந்ததும் நின்றுவிட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். வலிக்குதாண்ணா என்று, இந்தச் சோதனைக்குக் கணக்கு எழுதுகிற ஆஸ்பத்திரிப் பெண் ஒவ்வொரு கோட்டிலும் கேட்டாள். இல்லம்மா என்றார். உதடு வெளுத்துவிட்டது, நெற்றியில் வேர்வை கோத்துக்கொண்டு நின்றது, அப்போதும் இல்லம்மா. கடைசியில் கால் மடங்கி அவள் மேலேயே சாய்ந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நானும் அதே உப்பளத்துக்காரிதானே.

எங்கள் உப்பளத்தில் காலையில் முதல் பேச்சே கால்தான். மேஸ்திரி வரப்பில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். நல்லாயிருக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் பாத்தியில் இறங்க வேண்டும். வலிக்கிறது என்று சொன்னால் அவர் திட்ட மாட்டார். பாவம், ஆறட்டும், வீட்டில் இரு என்று அன்பாகத்தான் அனுப்புவார். அனுப்பினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதனால் பாதம் பிளந்து ரத்தம் கசிந்தாலும் எங்கள் வாயில் நல்லாயிருக்குது என்பதுதான் வரும். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்கிற மாதிரி அது. புருஷன் பெண்டாட்டிகூட ஒருவர் காலை ஒருவர் விசாரிப்பதில்லை.

கம்ப்யூட்டர் அவருக்குப் புதிய பலூனைக் கொடுத்தது. உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். மயக்க மருந்து கிடையாதாம், முழித்துக்கொண்டே படுத்திருக்க வேண்டுமாம். ஊதுகிறார்கள், இப்போது ஊதுகிறார்கள் என்று என் மனது தானாக ஏதேதோ ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சில் அனுமந்தையிலிருந்து வந்த ஒரு மீனவர் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே வியாதி, அதே பீடி. கூட வந்த ஆள் டீ குடிக்கப் போய்விட, பயத்தில் அவர் என்னிடமே பேசிக்கொண்டிருந்தார். சுனாமிக்குத் தப்பித்த கால், ஒரு பலூனுக்குப் போய் பயப்படுது பாரும்மா என்றார். நான் சிரித்தேன், அழுகையும் கூடவே வந்தது.

பலூன் வெடிக்கவில்லை. தொடை இடுக்கில் மணல் மூட்டையை வைத்து, காலை மடக்கக் கூடாது என்று படுக்கவைத்திருந்தார்கள். நான் யாருக்கும் தெரியாமல் போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அனுமந்தைக்காரரும் அதே வார்டுக்கு வந்தார், அவருக்கும் புதிய பலூன்தான். ஆண்பிள்ளைகள் இருவரும் பீடி பிடிக்க முடியாத துக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள். நாள் முழுக்கக் குசுகுசுவென்று பேச்சு.

அந்த மழைக்காலம் நன்றாகப் போனது. புண் ஆறியது. ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் ஒருமுறை அந்தப் பெண் பஸ்ஸில் வருவாள். வலி இருக்கிறதா, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவாள். காலுக்குள் படம் பிடித்துப் பார்க்கிற பெரிய பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. அதுவரைக்கும் இவர் வாய்ச்சொல்தான் அவர்களுக்குக் கணக்கு.

தை பிறந்ததும் பாத்தி கட்டுகிற வேலை தொடங்கியது. ஆசைப்பட்ட பிள்ளை மாதிரி இறங்கிவிட்டார். மாசி மாதத்தில் ஒருநாள் அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்தேன், வலது காலை மட்டும் கீழே தொங்கவிட்டிருந்தார். புழுக்கமாக இருக்கிறது என்றார். அடுத்த நாளும் அப்படியேதான். படுத்துக் காலை நீட்டினால் வலிக்கிறது, தொங்கப் போட்டால் கொஞ்சம் அடங்குகிறது, அதுதான் சங்கதி என்று எனக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. கேட்டால் எரிந்து விழுந்தார். தூங்கும்போது புறங்கையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். முகாமில் தொட்ட அதே ஜில்.

அந்த வாரமே அந்தப் பெண் வந்தாள். வீட்டில் ஆள் இல்லை என்று நேராக உப்பளத்துக்கே வந்துவிட்டாள். அவர் வரப்பில் நின்றார், அவள் கேட்டாள். வலி? இல்லம்மா. நடை? நல்லாயிருக்குது. தூக்கம்? படுத்தா பொணம்தான். கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னாள். வரப்பில் பத்தடி நிமிர்ந்து நடந்து காட்டினார். அந்தப் பத்தடிக்கு அவர் பல்லைக் கடித்திருந்த விதம் எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. ரொம்ப சந்தோஷம்ணா என்று சொல்லிவிட்டு அவள் ரோட்டுக்குக் கிளம்பினாள்.

நான் உப்புக் கூடையைக் கீழே வைத்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னால், பலூன் உதவவில்லை, எடுத்துவிடலாம் என்று கத்தியைத் தூக்குவார்கள். சொல்லாவிட்டால் கால் தானாகவே சாகும். இரண்டு பக்கமும் அந்தத் தெருக்கோடி ஆள்தான் என் கண்ணுக்குத் தெரிந்தார். அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அப்புறம் நான் யோசிக்கவில்லை, ஓடினேன். உப்பு அப்பிய சேலையோடு பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, மூச்சு இரைக்க அவளிடம் சொன்னேன்.

"அவரு சொன்னது அத்தனையும் பொய்ம்மா. கால் ஜில்லுன்னு இருக்குது. படுக்க முடியல அவரால. வெட்டிடுவாங்கன்னு பயந்துக்கினு சொல்ல மாட்டேங்கிறாரு."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

அவள் திரும்ப வந்து அவரை, ஆஸ்பத்திரியில் போடச் சொல்லியிருந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். பழைய புண் இருந்த விரலும் பக்கத்து விரலும் நீலம் பாரித்திருந்தன. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. மேஸ்திரியிடம் கோள் சொன்னவளைப் பார்க்கிற பார்வை. பாண்டி போகிறவரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் என் மேல் கோபமாக இருந்தது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. திரும்பி வரும்போது அந்த சீட்டில் எந்தக் காலோடு உட்காருவார் என்பதுதான் மனது பூராவும் ஓடியது.

அதே டாக்டர் இருந்தார். இந்தத் தடவை விரலை வைக்கவில்லை. பேனா மாதிரி ஒன்றின் நுனியில் பசையைத் தடவித் தொடையில் வைத்தார், பெட்டியிலிருந்து உஸ் உஸ் என்று சத்தம் வந்தது. அதுதான் ரத்தம் ஓடுகிற சத்தம் என்றாள் அந்தப் பெண். முட்டிக்குப் பின்னால் வைத்தார், சத்தம் நைந்துபோய் வந்தது. கணுக்காலில் வைத்தார். பாதத்தில் வைத்தார். நகர்த்தி நகர்த்தி வைத்தார். பெட்டி வாயைத் திறக்கவே இல்லை. அந்த அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க நல்லது பண்ணீங்க சார். அதுல போயி நொள்ளை சொல்லுவாங்களா? அதுவுமில்லாம, வலிக்குதுன்னா வேணாம்னு அனுப்பிடுவீங்க."

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்கள நம்பித்தான்யா இத டெஸ்ட் பண்றோம். நல்லாயிருக்குன்னு நீங்க சொன்னா, நல்லாயிருக்குன்னு நான் எழுதுவேன். அப்புறம் அத நம்பி ஊரெல்லாம் இதையே போடுவாங்க. வலிக்குதுன்னு சொல்றதுக்குத்தான் உங்கள சேத்ததே."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. என்னவோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டார். அன்றைக்கே உள்ளே கொண்டுபோனார்கள். கால் நிற்குமா என்று டாக்டரைக் கேட்டேன். முயற்சி பண்ணுகிறோம் என்றார். நிற்கும் என்று சொல்ல அவர் வாய்க்கு என்ன கேடு என்று திட்டிக்கொண்டேன்.

போன தடவை பலூனை நினைத்துப் பயந்தேன். இந்தத் தடவை அந்தப் பலூனையே கையெடுத்துக் கும்பிட்டேன். எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் ஊதிக்கொள்ளட்டும், அந்தக் குழாய் திறந்தால் போதும். கதவுக்குள் அவர் கத்துகிற சத்தம் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தவளை ஒரு வார்டு ஆயா பிடித்து உட்காரவைத்து, என் கையை விடவே இல்லை.

குழாய் திறந்தது. கால் நின்றது. நீலம் பாரித்த இரண்டு விரல்களை மட்டும் காப்பாற்ற முடியாது, பிறகு எடுத்துவிடலாம் என்றார்கள். இரண்டு விரல்தானா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு விரல்தான் என்று அந்தப் பெண்ணும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். மணல் மூட்டையோடு படுத்திருந்தவர் பக்கத்தில் போய் நின்றேன். பஸ்ஸில் பேசாத மனுஷன் அப்போது என் கையைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அனுமந்தைக்காரனுக்கு நாந்தான் சொல்லிக்குடுத்தேன். யாரு வந்து கேட்டாலும் நல்லாயிருக்குதுன்னே சொல்லு, இல்லன்னா கால எடுத்துடுவாங்கன்னு. அவன் இன்னும் சொல்லிக்கினு இருப்பான். நீ போ."

ஆஸ்பத்திரிப் பெண்ணையே அனுப்பலாமே என்றேன். அவள் போனால் அவன் நல்லாயிருக்குது என்றுதான் சொல்வான், நீ போ என்றார். அவரை அந்த நிலையில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனமே இல்லை. போனேன்.

அனுமந்தையில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தபோது உச்சி வெயில். விசாரித்ததும், அவர் படகு நிழலில் இருப்பார் என்று கை காட்டினார்கள். அவர் நிழலில் இல்லை. வெயிலில் உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணியை முடிந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. என் வீட்டுக்காரரை விசாரித்தார். பீடியை அவர் விட்டுவிட்டாரா, நான் விடலம்மா என்று சிரித்தார். உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது தங்கச்சி. எனக்கின்னா."

அவருடைய இடது கால் மடங்கி உடம்போடு இருந்தது. வலது காலை முட்டிவரை அந்தக் கொதிக்கிற மணலில் புதைத்து வைத்திருந்தார்.

ஜில்லிட்டுப்போன காலுக்குச் சூடு தேடித்தான் என்று எனக்குப் புரிந்தது. மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைத் தள்ளினேன். என் உள்ளங்கை சுட்டது. அவர் தடுக்க வந்தார், அப்புறம் ஏனோ கையை எடுத்துக்கொண்டார். பாதம் வெளியே வந்தது. மேல்தோல் வெந்து கொப்பளித்திருந்தது, அது அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. கொப்பளத்துக்குப் பக்கத்தில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தேன். மேலேதான் சூடு, உள்ளே துடிப்பு இல்லை.

என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆனது, சொன்னதால்தான் கால் நின்றது என்று சொன்னேன். விரல் இரண்டு போகும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் வலையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"வலிக்குதும்மா," என்றார். "ரெண்டு மாசமா உயிர் போவுது."

பாண்டி பஸ் போய்விடும், எழுந்திருங்கள் என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.